கூம்பாகும் மலை

தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் அமைந்த போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு வானம் பாதியளவே தெரியும். எஞ்சிய பாதியை மேற்குத் தொடர்ச்சி மலை மறைத்துக்கொள்கிறது. அம்மலையின் மேற்பரப்பில் விளையும் ஏலக்காய் கீழிறங்கி வந்து விலை பேசப்படுவது இவ்வூரில்தான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கு நடைபெறுவதால், ஏலத்திற்கே ஏலம் நடக்கும் ஊர் என்று இதனைச் சொல்லலாம்.

இம்மலையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது அழகு. அதில் வாழ்வை அமைத்துக்கொண்டோர்க்கோ அது ஓர் அளவை. சரிவில் ஏலச்செடி நடும் உழவர்க்குச் செடிக்கும் செடிக்கும் உள்ள இடைவெளி தெரிதல் வேண்டும். போடிமெட்டுக்குச் சாலை அமைத்த பொறியாளர்க்கு, எத்தனை மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறலாம் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். அச்சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளும் அக்கணக்கின் விடைகளே. மலைக்கு அடியில் ஆய்வுக்கூடம் அமைக்க விரும்பிய இயற்பியலாளர்க்கோ, எல்லாத் திசையிலும் பாறையின் தடிமன் எவ்வளவு என்பது தெரிதல் வேண்டும். இம்மூவரும் எதிர்கொள்ளும் வினாக்கள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் உள்ள இரண்டே வடிவங்களுக்குள் அடங்குகின்றன. ஒன்று முக்கோணம், மற்றொன்று கூம்பு. அவ்வடிவங்களைத் தாளில் வரைந்து விடை காணும் முறையைக் கணினி மென்பொருள் எவ்வாறு மாற்றியுள்ளது என்பதை இப்பகுதி விளக்குகிறது.

தொலைவில் நின்று அளத்தல்

ஏற முடியாத சிகரத்தின் உயரத்தைச் சமவெளியில் நின்றே கண்டறியும் கலை தமிழ்நாட்டு மண்ணில் பேருருவம் கொண்டது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். நேரடியாக அளக்கப்பட்ட அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கி இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் அளப்பதே திட்டம். கோணம் அளக்கப் பயன்பட்ட தியோடலைட் அரை டன் எடை கொண்டது. 1808இல் தஞ்சைக் கோவில் கோபுரத்தின்மேல் அதனை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சிதைந்தது. சமவெளியில் மலை இல்லாத இடத்தில் கோபுரமே மலையாகப் பயன்பட்டது என்பது இந்நிகழ்ச்சியால் தெரியவரும் சுவையான செய்தி.

கோணங்கள் குவிந்தன, கணக்கிடுவோர் தேவைப்பட்டனர். அந்நிலஅளவைத் துறையில் 'கம்ப்யூட்டர்' என்பது ஒரு பணியின் பெயர். அப்பெயர் தாங்கியவர் மனிதர். 1831இல் அப்பணியில் சேர்ந்த வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தர், பிற்காலத்தில் எவரெஸ்ட் என்று பெயர்பெற்ற சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவராகப் போற்றப்படுகிறார். நூறு மைலுக்கும் அப்பாலிருந்து அளந்த கோணங்களைக் கொண்டு 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்ட அவ்வுயரம், 2020இல் செயற்கைக்கோள் துணையோடு அளந்து அறிவிக்கப்பட்ட 8,848.86 மீட்டருக்கு ஏறத்தாழ 9 மீட்டரே குறைவு. சிக்தரின் கையில் இருந்தவை மடக்கை அட்டவணையும் இறகுப் பேனாவும் மட்டுமே.

அதே கணக்கை இன்று ஒரு மாணவர் போடியின் சமவெளியில் செய்து பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, ஓரிடத்தில் நின்று ஒரு சிகரத்தை நோக்கும்போது ஏற்றக்கோணம் 12 பாகை எனக் கொள்வோம். மலையை நோக்கி நேர்க்கோட்டில் 1,000 மீட்டர் நடந்தபின் அக்கோணம் 15 பாகை ஆகிறது. இரு கோணங்களின் கோடேன்ஜென்ட் மதிப்புகளின் வேறுபாட்டால் நடந்த தொலைவை வகுத்தால் உயரம் கிடைக்கும். 4.7046 என்பதிலிருந்து 3.7321 என்பதைக் கழிக்க 0.9725; எனவே உயரம் ஏறத்தாழ 1,028 மீட்டர். இதுவரை மென்பொருளுக்கு வேலை இல்லை; அட்டவணை போதும்.

மென்பொருளின் பயன் அடுத்த வினாவில்தான் தொடங்குகிறது. கோணத்தை அளந்ததில் சிறு பிழை நேர்ந்திருந்தால் என்னாகும்? ஜியோஜீப்ரா என்னும் வடிவியல் மென்பொருளைத் தமிழ்நாட்டு மாணவர் கணக்குப் பாடநூலின் இணையச் செயல்பாடுகள் வழியாக அறிவர். ஆஸ்திரியாவில் 2001இல் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கிய இம்மென்பொருளில் ஒவ்வோர் அளவையும் ஒரு நழுவலோடு இணைக்கலாம். முதற்கோணத்தை 12 பாகையிலிருந்து 12.1 பாகைக்கு நகர்த்தினால் போதும். சிகரத்தின் உயரம் 1,028இலிருந்து 1,072 மீட்டராகத் தாவுகிறது. பாகையில் பத்திலொரு பங்கு பிழைக்கு 44 மீட்டர் தவறு! ஒரு கோபுரத்தின் உயரமே கணக்கில் கூடிவிடுகிறது.

நடக்கும் தொலைவை 3,000 மீட்டராக மாற்றினால், அதே கோணப்பிழை உயரத்தில் ஏறத்தாழ 14 மீட்டர் வேறுபாட்டையே உண்டாக்கும். ஒடுங்கிய முக்கோணம் பிழையைப் பெருக்கும். அகன்ற முக்கோணம் பிழையை அடக்கும். லாம்டன் தம் அடிக்கோட்டைச் சில நூறு அடிகளோடு நிறுத்தாமல் 12 கிலோமீட்டர் வரை நீட்டியதன் காரணத்தை நழுவலை நகர்த்தும் விரல் சில நொடிகளில் உணர்ந்துகொள்கிறது. விடையைத் தருவதைக் காட்டிலும், விடை எவ்வளவு நடுங்குகிறது என்பதைக் காட்டுவதே மென்பொருளின் பெருந்துணை எனலாம்.

பாதாளத்தில் ஒரு சிகரம்

மென்பொருள் கேட்டதற்கே விடை கூறும்; கருதியதற்குக் கூறாது. பைத்தான் முதலிய நிரல்மொழிகளும் விரிதாள் மென்பொருள்களும் கோணத்தை ரேடியன் அலகில்தான் எதிர்பார்க்கின்றன. மலையடியிலிருந்து 1,000 மீட்டர் தொலைவில் ஏற்றக்கோணம் 30 பாகை என்று அளந்த மாணவர், 30 என்பதை அப்படியே உள்ளிட்டுவிட்டால் கணினி 30 ரேடியனின் டேன்ஜென்ட் மதிப்பை எடுத்துக்கொள்ளும். அப்போது கிடைக்கும் விடை எதிர்க்குறியோடு 6,405 மீட்டர். 577 மீட்டர் உயர்ந்து நிற்க வேண்டிய குன்று ஆறு கிலோமீட்டருக்கும் கீழே பாதாளத்தில் கிடக்கும். இத்தகைய விடையைக் கண்டு நகைத்துத் திருத்திக்கொள்ளலாம். நம்பத்தக்க தோற்றத்தோடு வரும் தவறான விடையே கொடியது. தோராயமாக எவ்வளவு வரும் என மனத்தில் முன்னரே ஒரு மதிப்பீடு வைத்திருப்பவரிடம் மட்டுமே அது அகப்படும்.

பழைய வாய்பாடும் புதிய சோதனையும்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இல்லாமலே காண்பதற்குத் தமிழில் செய்யுள் வடிவில் வழங்கிவரும் வாய்பாடு ஒன்று உண்டு. நீண்ட பக்கத்தின் எட்டில் ஏழு பங்கையும் சிறிய பக்கத்தின் பாதியையும் கூட்டினால் கர்ணம் கிடைக்கும் என்பது அதன் பொருள். 4, 3 என்னும் பக்கங்களுக்கு மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5 வருகிறது. 12, 5 என்பவற்றுக்குப் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13 வருகிறது. வியப்பூட்டும் துல்லியம் இது. இவ்விரு எடுத்துக்காட்டுகளைக் காட்டியே இவ்வாய்பாடு எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தும் என்று முடிவு செய்துவிடுவோர் உளர்.

கணினியில் சோதித்தல் எளிது. நீண்ட பக்கத்தை 1 என நிறுத்தி, சிறிய பக்கத்தைச் சுழியிலிருந்து 1 வரை ஆயிரம் படிகளில் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வாய்பாட்டின் விடையையும் பிதாகரசு தேற்றத்தின் விடையையும் ஒப்பிடச் சொன்னால் ஒரு வளைகோடு திரையில் தோன்றும். அவ்வளைகோடு பிழையற்ற கோட்டை இரண்டே இடங்களில்தான் வெட்டுகிறது. ஒன்று பக்கங்களின் விகிதம் நான்கில் மூன்றாக இருக்கும் இடம்; மற்றொன்று பன்னிரண்டில் ஐந்தாக இருக்கும் இடம். அவையே மேற்கண்ட இரு எடுத்துக்காட்டுகள்! இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்துப் பார்த்தாலும் இவ்விரு மூலங்களே வரும். இவ்விரு விகிதங்களுக்கு இடையே வாய்பாடு சற்று மிகுத்துக் கூறுகிறது. அப்பிழை நூற்றுக்கு 0.8ஐத் தாண்டுவதில்லை. 15, 8 என்னும் பக்கங்களுக்கு 17 வரவேண்டிய இடத்தில் 17.125 வருவது இதனால்தான். சிறிய பக்கம் மிகச் சிறிதானால் வாய்பாடு 12.5 விழுக்காடு வரை குறைத்துக் கூறிவிடும்.

இதனால் அவ்வாய்பாடு இழிந்தது ஆகாது. கூரையின் சரிவுக்கு மரம் அறுக்கும் தச்சர்க்கு வேண்டிய விகிதங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் அடங்குபவை. வர்க்கமூலம் காணாமலே நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைந்த பிழையில் விடை தரும் முறை எளிதில் அமைவதன்று. ஆனால் மென்மையாக ஏறும் மலைச்சாலையின் நீளத்தை அதனால் கணித்தல் கூடாது. ஒரு முறையின் சிறப்பை அறிவதோடு அதன் எல்லையையும் அறிய ஆயிரம் முக்கோணங்களை வரைய வேண்டியிருந்தது. கணினி அவற்றை இமைப்பொழுதில் வரைந்தது.

சரிவில் நிற்கும் ஏலச்செடி

நிலப்பட்டாவில் எழுதப்படும் பரப்பு, மலைச்சரிவின் மேற்பரப்பு அன்று. மேலிருந்து நோக்கும்போது தெரியும் கிடைத்தளப் பரப்பே வரைபடத்தில் இடம்பெறும். 30 பாகை சரிவில் ஒரு எக்டேர் நிலம் என்று வரைபடம் கூறினால், காலால் மிதிக்கும் பரப்பு 1.155 எக்டேராக இருக்கும்.

செடிக்குச் செடி 3 மீட்டர் இடைவெளி விட்டு நடுவதாகக் கொள்வோம். சமநிலத்தில் ஓர் எக்டேருக்கு 1,111 செடிகள் அமையும். சரிவில் கயிற்றைத் தரையோடு ஒட்டிப் பிடித்து 3 மீட்டர் அளந்தால், மேலிருந்து பார்க்கும்போது சரிவுத் திசையில் இடைவெளி 2.6 மீட்டராகச் சுருங்கிவிடும். வரைபட எக்டேர் ஒன்றுக்கு 1,283 செடிகள் வந்துவிடும். கூடுதலாக நட்ட 172 செடிகளும் விளைச்சலைக் கூட்டும் என்று எண்ணிவிட இயலாது. செடிகள் சரிவுக்குச் செங்குத்தாக வளர்வதில்லை. வானை நோக்கி நிமிர்ந்தே வளர்கின்றன. மழையும் வெயிலும் கிடைத்தளப் பரப்பின் அளவாகவே வந்து சேர்கின்றன. அதே மழையை, மர நிழலினூடே வடிந்து வரும் அதே ஒளியை, மிகுதியான செடிகள் பங்கிட்டுக்கொள்ளும். கயிற்றைக் கிடைமட்டமாகப் பிடித்து அளக்கும் பழக்கத்தின் உள்ளே ஒரு கோசைன் ஒளிந்திருக்கிறது.

மலையைக் கூம்பாகக் கருதினாலும் இதே விகிதமே வரும். கூம்பின் வளைபரப்பை அதன் அடிப்பரப்பால் வகுத்தால் எஞ்சுவது சாயுயரத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம். ஒரு முக்கோணத்தை அதன் செங்குத்துப் பக்கத்தைச் சுற்றிச் சுழற்றியதே கூம்பு ஆதலால், முக்கோணத்தின் உண்மை கூம்பிலும் தொடர்கிறது.

மலைக்குள் ஒரு புள்ளி

போடி மேற்கு மலையை உலக அறிவியலாளர்கள் உற்றுநோக்கக் காரணமானது நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். நியூட்ரினோ என்பது மின்சுமையற்ற நுண்துகள். மலையையும் பூமியையும் ஊடுருவிச் செல்லும். அது பிற பொருளோடு மோதுவது மிக அரிது. அவ்வரிய மோதலைக் காண விடாமல் இரைச்சலாகக் குறுக்கிடுபவை, விண்கதிர்களால் வளிமண்டலத்தில் தோன்றும் மியூவான்கள். தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மியூவான் வீதம் அவை பொழிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் தடுக்கும் குடையாகப் பாறை வேண்டும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டதும் இக்காரணம் பற்றியே.

கோலார்ச் சுரங்கம் மூடப்பட்டபின் புதிய இடம் தேடப்பட்டது. நீலகிரியின் சிங்காரா முதலில் கருதப்பட்டுக் கைவிடப்பட்டது. பின்னர்ப் பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1,589 மீட்டர் உயரச் சிகரத்தின் அடியில், ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் நீளக் கிடைச்சுரங்கத்தின் முடிவில், தலைக்குமேல் சுமார் 1,300 மீட்டர் பாறை இருக்குமாறு ஆய்வுக்கூடம் அமைப்பது திட்டம். 50,000 டன் இரும்பாலான உணர்கருவி அங்கு நிறுவப்படவிருந்தது. நடுவண் அரசு 2015 சனவரியில் இதற்கு ஒப்புதல் வழங்கியது. ஆய்வுக்கூடத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் குறைந்தது 1,000 மீட்டர் பாறை வேண்டும் என்பது அடிப்படைத் தேவை.

தலைக்குமேல் 1,300 மீட்டர் இருப்பதே போதாதா என்று வினவத் தோன்றும். மியூவான்கள் செங்குத்தாக மட்டும் வருவதில்லை, சாய்வாகவும் வருகின்றன. மலையை 1,300 மீட்டர் உயரமும் 1,900 மீட்டர் ஆரமும் கொண்ட நேர்வட்டக் கூம்பாகக் கொள்வோம். ஆய்வுக்கூடம் அடிவட்டத்தின் மையத்தில் உள்ளது. சாயுயரம் 2,302 மீட்டர். மையத்திலிருந்து சரிவுக்கு வரையும் செங்குத்துக் கோடே மிகக் குறுகிய பாதை. அதன் நீளத்தைக் காண முக்கோணத்தின் பரப்பை இருமுறை எழுதினால் போதும். அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கியதும், சாயுயரத்தையும் அச்செங்குத்தையும் பெருக்கியதும் சமம். விடை 1,073 மீட்டர். ஆயிரத்தைக் கடந்துவிட்டது, ஆனால் 73 மீட்டர் அளவிலேயே கடந்தது.

இங்கே மென்பொருளில் நழுவலை வைத்துத் திசையைச் சுழற்றலாம். நேர்மேலே நோக்கினால் பாறை 1,300 மீட்டர். 20 பாகை சாய்த்தால் 1,108 மீட்டர். 34.4 பாகையில் மிகக் குறைந்த 1,073 மீட்டர். 60 பாகையில் மீண்டும் உயர்ந்து 1,190 மீட்டர். கிடைமட்டமாக நோக்கினால் 1,900 மீட்டர். மிக மெல்லிய இடம் ஒரு புள்ளி அன்று என்பதையும் முப்பரிமாணப் படம் காட்டும். 34.4 பாகையில் சாய்ந்த திசைகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து மலைக்குள்ளேயே தலைகீழாக மற்றொரு கூம்பாகின்றன. அது மலைச்சரிவைத் தொடும் இடம் ஒரு முழு வட்டம். நேர்மேல் என்பது ஒரே திசை; மெல்லிய திசைகளோ எண்ணற்றவை. மேலிருந்து ஆழத்தை மட்டும் அளந்து நிறுத்திக்கொள்வோர் இவ்வட்டத்தைத் தவறவிடுவர்.

ஆழம் மாறாமல் சரிவு மட்டும் கூடினால் என்னாகும் என்பதையும் பார்க்கலாம். சரிவு 39.7 பாகையைத் தாண்டியதும் குறுகிய பாதை 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். 45 பாகையில் 919 மீட்டரே எஞ்சும். உயர்ந்த மலையைக் காட்டிலும் அகன்ற மலையே இவ்வாய்வுக்கு உகந்தது.

கூம்பு அல்லாத மலை

உண்மையான மலைக்குப் பள்ளத்தாக்குகள் உண்டு. ஓடைகள் அறுத்த பிளவுகள் உண்டு. ஒரு பக்கம் சரிவு மென்மை, மறுபக்கம் செங்குத்து. 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ரேடார் வழியே எடுத்த உயரத் தரவுகளும், 2005இல் ஏவப்பட்ட இந்தியாவின் கார்ட்டோசாட்-1 எடுத்த இரட்டைப் படங்களும் நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகத் தருகின்றன. மென்பொருள் அக்கட்டங்களின் உச்சிகளை இணைத்து மலையைப் பல்லாயிரம் சிறு முக்கோணங்களாக்குகிறது. பிறகு மையப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு திசையிலும் ஒரு கோடு செலுத்தி, அது எந்த முக்கோணத்தைத் துளைத்து வெளியேறுகிறது என்று தேடுகிறது. லாம்டன் நாடெங்கும் பரப்பிய முக்கோணமே ஒரே மலையின்மேல் நுணுக்கமாகப் போர்த்தப்படுகிறது. துகள் பாறையினூடே ஆற்றல் இழந்து செல்வதை ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த ஜியான்ட்4 என்னும் மென்பொருள் பின்பற்றிக் கணக்கிடும். கூம்பு தந்த 1,073 என்னும் எண் அப்போதும் பயன்படும். பல்லாயிரம் முக்கோணங்களின் விடை அதிலிருந்து மிக விலகி வந்தால், மலையில் பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறதா, உள்ளீட்டில் தவறு இருக்கிறதா என்று தேடத் தூண்டுவது அவ்வெண்ணே.

பாறையின் தடிமனை மட்டுமே இக்கணக்கு கேட்டது. போடி மலையில் எழுந்த வினாக்களோ வேறானவை. அருகில் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா உள்ளது. அதனைப் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு இணைக்கும் காட்டுவழி இம்மலைப்பகுதியில் அமைந்துள்ளது. நீரோட்டம், வெடிவைத்தலின் அதிர்வு, அகழ்ந்தெடுக்கும் பாறையைக் கொட்டும் இடம் ஆகியவை குறித்து உள்ளூர் மக்கள் அச்சம் தெரிவித்தனர். போராட்டங்களும் வழக்குகளும் தொடர்ந்தன. இம்மலையில் இத்திட்டம் வேண்டாம் என்னும் தன் நிலைப்பாட்டைத் தமிழ்நாடு அரசு 2022இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. திரையில் சுழலும் கூம்புக்கு ஆரமும் உயரமும் உண்டு. புலி கடக்கும் வழியை அதில் குறிக்க வேண்டுமாயின், அதற்கான தரவைக் காட்டுக்குள் நடந்து சென்றே கொணர்தல் வேண்டும்.